தோட்டப்புற ஊரிலிருந்து உயர்ரக ஹெட்ஃபோன்: ஒலிக்குணத்தை ஒப்பிட்டுக் கேட்கப் பழகுவது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு உயர்ரக ஹெட்ஃபோன் வாங்க நினைப்பவர்களுக்குப் பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. போட்டுக் கேட்டுப் பார்க்க இடம் கிடையாது. ஊரிலுள்ள கைத்தொலைபேசிக் கடைகளில் புளூடூத் ஹெட்ஃபோன்கள் தொங்கும். அதற்கு மேல் எது வேண்டுமானாலும் ஷாப்பி, லஸாடா போன்ற இணையக் கடைகளில் தேட வேண்டும், இல்லையென்றால் கோலாலம்பூருக்கு ரயில் ஏற வேண்டும். அதனால் பெரும்பாலோர் விமர்சனங்களைப் படித்தே முடிவெடுக்கிறார்கள். ஒன்று 'வார்ம்' என்கிறார்கள், இன்னொன்று 'பிரைட்', மற்றொன்று 'நியூட்ரல்'. படித்தவர் தலையாட்டிவிட்டுப் பல ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) கட்டிவிடுகிறார். பெட்டி வந்த பிறகுதான் அந்தச் சொற்கள் எதைக் குறித்தன என்று அவருக்குத் தெரிகிறது.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. அந்தச் சொற்கள் குறிக்கும் மாற்றங்களை முதலில் காது கேட்டுப் பழகட்டும். அதற்கு விலையுயர்ந்த ஹெட்ஃபோன் தேவையில்லை. சுமாரான விலையில் ஒரு நல்ல கம்பி ஹெட்ஃபோன், ஓர் இலவச மென்பொருள், இரவில் கொஞ்ச நேரம் போதும். அப்படிப் பழகிய காதோடு கோலாலம்பூரில் ஒரு நாள் செலவழித்தால், மாதக்கணக்கில் விமர்சனம் படித்தும் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

முதலில், எங்கே எது கேட்கிறது

ஹெர்ட்ஸ் என்பது ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு; எண் கூடினால் சுருதி ஏறும். மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பொதுக் கணக்கு. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். ஒரு ஹெட்ஃபோன் இந்த நீண்ட பரப்பில் எந்தப் பகுதியைத் தூக்கிக் காட்டுகிறது, எதை அடக்கி வைக்கிறது என்பதுதான் அதன் ஒலிக்குணம், அதாவது சவுண்ட் சிக்னேச்சர். இதை எண்களாக மனப்பாடம் செய்வதைவிட, நமக்குத் தெரிந்த ஒலிகளோடு சேர்த்து நினைவில் வைப்பது நல்லது.

60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது அடி பேஸ். காதைவிட நெஞ்சுக்கு அதிகம் தெரிகிற பகுதி இது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அடுத்தது 250 வரையுள்ள பேஸ். கோயில் திருவிழாவில் உறுமி மேளம் வரும்போது வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகலை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த சுருதி வழுக்கிக்கொண்டே ஏறி இறங்கும். ஹெட்ஃபோனின் பேஸ் ஓர் இடத்தில் வீங்கி ஓர் இடத்தில் மெலிந்திருந்தால், அந்த முனகல் சீராக ஏறாது. நடுவில் திடீரென்று பெருத்து மறுபடி சிறுக்கும். நம் ஊர்க் காதுகளுக்கு இதைவிட நல்ல பேஸ் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

பேச்சில் ஆண்குரலின் அடிச்சுருதி 100 ஹெர்ட்ஸைச் சுற்றியும் பெண்குரலினது 200-ஐச் சுற்றியும் இருக்கும். குரலின் சதைப்பற்று 200-இலிருந்து 1,000 வரையுள்ள பகுதியில் இருக்கிறது. 2,000-இலிருந்து 5,000 வரை மிக முக்கியமான இடம். நம் காதுத் துவாரமே 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியை இயல்பாகப் பெருக்கிக் கொடுக்கிறது; வெறும் காதில் இந்தப் பெருக்கம் 10 டெசிபெல்லுக்கும் (டெசிபெல் என்பது சத்தத்தின் அளவு) மேல். நாதஸ்வரம் ஒலிபெருக்கி இல்லாமலே தெருக்கோடி வரை கேட்பதற்கு இந்தப் பகுதியில் அதற்குள்ள வலு ஒரு காரணம். 6,000-க்கு மேல் ட்ரெபிள். தவில் வித்வானின் விரல்கூடு தோலில் விழும் கூர்மை, சிம்பலின் மினுமினுப்பு, பாடகர் 'ஸ', 'ச' என்று உச்சரிக்கும்போது வரும் சீறல் எல்லாம் இங்கேதான்.

அளவுகோலாக ஒன்று

ஒப்பிடுவதற்கு முன் கையில் ஓர் அளவுகோல் வேண்டும். என் தேர்வு சென்ஹைசர் எச்டி 600. 1997-இல் வந்த இந்த மாடல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. குரல் பகுதி அவ்வளவு நேர்மையானது. 2003-இல் வந்த எச்டி 650 அதே குடும்பம், கொஞ்சம் தடிப்பான குணம். இரண்டுமே செகண்ட் ஹேண்டில் அடிக்கடி கிடைக்கும். உதிரி பாகங்கள் கிடைப்பதால் பழையது வாங்கப் பயப்பட வேண்டியதில்லை. குறை என்னவென்றால் அடி பேஸ் மெல்லச் சரிந்துவிடும். உறுமி வரும், அதன் அதிர்வு முழுசாக வராது. அடி பேஸ் வேண்டுமென்றால் ஹைஃபைமேன் சுந்தரா நல்ல மாற்று. அதில் பேஸ் கீழே வரை ஏறக்குறைய நேராக இறங்கும்.

இவை மூன்றும் திறந்த வகை. உள்ளே ஒலிப்பது வெளியே கேட்கும். வெளியே உள்ள சத்தம் உள்ளே வரும். தாமான் (குடியிருப்பு) வீட்டில் கூரை மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் அந்த இரைச்சலும் பாட்டோடு சேர்ந்து வரும். துத்தநாகக் கூரையில் மழை கொட்டும்போது ஒப்பீடு பற்றி நினைக்கவே வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேலோ விடியற்காலையிலோ உட்காருங்கள். விசிறியை அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள்.

எச்டி 600-க்கு 300 ஓம் மின்தடை. சாதாரணக் கைத்தொலைபேசித் துளையில் சொருகினால் சத்தம் போதாமல் இருக்கலாம். கொஞ்சம் நல்ல யூஎஸ்பி டாங்கிள் (தொலைபேசிக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவே சொருகும் சிறு கருவி) ஒன்று போதும். பெரிய ஆம்ப்ளிஃபயரை முதலிலேயே வாங்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். தேவையான சத்தம் சிதையாமல் வந்துவிட்டால், ஆம்ப் மாற்றுவதால் வரும் வித்தியாசம் ஹெட்ஃபோன் மாற்றுவதால் வரும் வித்தியாசத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

ஈக்குவலைசர்: உண்மையான பாடம் இங்கே

மற்றதையெல்லாம் விட்டாலும் இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள். ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே ஏற்றி இறக்க உதவுவதுதான் ஈக்குவலைசர். விண்டோஸ் கணினி என்றால் ஈக்குவலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளையும் அதை எளிதாக இயக்க உதவும் பீஸ் என்ற முகப்பையும் நிறுவுங்கள். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற செயலி இருக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸைப் பிடித்து ஏற்றி இறக்கக் கணினிதான் வசதி. எந்தப் பகுதியை எத்தனை டெசிபெல் ஏற்றினாலும், அதே அளவுக்கு மொத்தச் சத்தத்தை ப்ரீஆம்ப் என்ற இடத்தில் இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உச்சத்தில் ஒலி கிழியும்.

நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போடுங்கள். 105 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் லோ ஷெல்ஃப் வடிகட்டியால் 5 டெசிபெல் ஏற்றுங்கள். பேஸ் கிட்டாரும் மேளமும் கனக்கும், குரல் அப்படியே இருக்கும். இப்போது அதை எடுத்துவிட்டு 200 ஹெர்ட்ஸை மட்டும் 4 டெசிபெல் ஏற்றிப் பாருங்கள். இந்த முறை குரலே தடித்துவிடும். ஆண்குரல் மார்பிலிருந்து வருவதுபோல் இருக்கும், வாத்தியங்களுக்கு நடுவே இருந்த வெளி குறையும். விமர்சகர்கள் இந்த இரண்டையுமே 'நிறைய பேஸ்' என்று எழுதிவிடுவார்கள். 'வார்ம்' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இரண்டாவது வகை. முதல் வகையை விரும்புகிற ஒருவர் இரண்டாவது வகை ஹெட்ஃபோனை வாங்கிவிட்டால், சில வாரத்தில் அலுத்துப்போகும். உங்களுக்கு எது பிடிக்கிறது என்று இப்போதே குறித்து வையுங்கள்.

அடுத்து 1,500 ஹெர்ட்ஸை 4 டெசிபெல் இறக்குங்கள். பாடகர் இரண்டடி பின்னே போய் நிற்பார். மேடை அகன்றதுபோல் இருக்கும். 'சவுண்ட்ஸ்டேஜ்' என்று புகழப்படுவதில் ஒரு பங்கு இப்படி வருவதுதான். பல ஹைஃபைமேன் மாடல்களில் 1,000-க்கும் 2,000-க்கும் இடையே இந்தப் பள்ளம் இருக்கிறது. கூட்டிசையில் அது அழகு. குரலை நெருக்கமாகக் கேட்க விரும்புகிறவருக்கு ஏமாற்றம்.

3,000-ஐ 4 டெசிபெல் ஏற்றினால் நாதஸ்வரம் முகத்துக்கு நேரே வாசிப்பதுபோல் ஆகும், பெண்குரல் கத்தும். இறக்கினால் எல்லாம் மென்மையாகி, மெல்லிய துணி போர்த்தியதுபோல் மங்கும். இதை ஏற்றியும் இறக்கியும் பல இரவுகள் கேளுங்கள். உயர்ரக ஹெட்ஃபோன்கள் ஒன்றிலிருந்து ஒன்று அதிகம் வேறுபடுவது இங்கேதான். காது சோர்ந்துபோவதும் இங்கேதான்.

கடைசியாக 8,000-ஐ 5 டெசிபெல் ஏற்றுங்கள். முதல் நிமிடத்தில் 'அடடா, எவ்வளவு நுணுக்கம்' என்று தோன்றும். விரல்கூட்டின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும், பாடகர் மூச்செடுப்பது கேட்கும். பத்து நிமிடம் விடாமல் கேளுங்கள். 'ஸ' வரும் இடமெல்லாம் ஊசி குத்தும். ட்ரெபிளைத் தூக்கினால் நுணுக்கம் கூடிவிட்டதுபோல் ஒரு மயக்கம் வரும். கடையில் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு வாங்குகிறவர்களைப் பெரும்பாலும் கவிழ்ப்பது இந்த மயக்கம்தான். உண்மையான தெளிவைச் சோதிக்க வேறு வழி இருக்கிறது: ட்ரெபிளைச் சமமாக வைத்துவிட்டு, பல வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் பின்னால் மெல்லக் கேட்கும் தம்புராவை விடாமல் தொடர முடிகிறதா என்று பாருங்கள்.

இவை ஓரளவு பழகியபின், தம்பியையோ தங்கையையோ பக்கத்தில் உட்காரவைத்து, அவர்களையே அமைப்பை மாற்றச் சொல்லி, எது மாறியது என்று திரையைப் பார்க்காமல் சொல்லுங்கள். ஐந்து மாற்றங்களையும் பெரும்பாலும் சரியாகச் சொல்ல முடிகிறபோது, நீங்கள் ரயில் ஏறத் தயார்.

எந்தப் பாட்டு

ஆடியோ விரும்பிகள் எல்லோரும் போடும் மேல்நாட்டு ஜாஸ் பதிவுகளைத் தேடிப் போக வேண்டாம். முன்பின் கேட்காத பாட்டில் எதை வைத்து ஒப்பிடுவது? உங்களுக்குள் ஊறிப்போன நான்கு போதும். ஒரு தனிப் பெண்குரல், வாத்தியம் குறைவாக. எண்பதுகளின் திரைப்பாட்டு ஒன்று, வயலின் கூட்டமும் நடமாடும் பேஸ் கிட்டாரும் உள்ளதாக. நாதஸ்வரம் தவில் பதிவு ஒன்று. உறுமியோ, புதிய பாட்டின் மின்னணு பேஸோ உள்ளது ஒன்று. பழைய திரைப்பாட்டுகளில் சில மோசமாக டிஜிட்டலுக்கு மாற்றப்பட்டவை, இயல்பிலேயே சீறும். ஒரு பாட்டு எல்லா ஹெட்ஃபோனிலும் சீறினால் அது பதிவின் குறை. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நான்கையும் நல்ல தரத்தில் கைத்தொலைபேசியிலேயே சேமித்து வையுங்கள். கடையில் இணையத்தை நம்ப வேண்டாம்.

சத்தத்தைச் சமப்படுத்தாத ஒப்பீடு வீண்

இரண்டு ஹெட்ஃபோன்களில் எது கொஞ்சம் உரத்து ஒலிக்கிறதோ அதுதான் நல்லதென்று காது தீர்ப்பளித்துவிடும். அரை டெசிபெல் வித்தியாசமே போதும், அதுவும் சத்தம் கூடியிருக்கிறது என்று நமக்குத் தெரியாமலே. இதற்கு ஒரு காரணத்தை 1933-இலேயே பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள்: சத்தம் குறையும்போது காது பேஸை மற்றவற்றைவிட அதிகமாக இழக்கிறது. எனவே உரக்க ஒலிப்பது பேஸும் நிறைவும் கூடியதாகத் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் சத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். உதாரணத்துக்கு, சென்ஹைசர் எச்டி 800 எஸ்-இன் மின்தடை 300 ஓம், ஆடிஸி எல்சிடி-எக்ஸ்-இனது 20 ஓம். ஒரே ஆம்பில் குமிழைத் தொடாமல் மாற்றினால் சத்தம் எங்கேயோ போய் நிற்கும். அளவுக் கருவி இல்லாதவர்களுக்கு எளிய வழி, தனிப் பெண்குரல் பாட்டைப் போட்டுக் குரல் ஒரே அளவில் கேட்கும்வரை குமிழைத் திருப்புவது. பேஸையோ சிம்பலையோ வைத்துச் சமப்படுத்தக் கூடாது. அவைதான் ஹெட்ஃபோனுக்கு ஹெட்ஃபோன் மாறுபவை. எந்த எண்ணில் சமமானது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், ஓர் அட்டையில் துளை போட்டு அதன் பின்னே கைத்தொலைபேசியின் மைக்கை வைத்து, அட்டையின்மேல் ஹெட்ஃபோன் கிண்ணத்தைப் பொருத்தி, பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுருதிகளும் கலந்த சீரான இரைச்சல்) ஓடவிட்டு ஒலியளவுச் செயலியில் பார்க்கலாம். அது காட்டும் எண் சரியானதாக இராது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிய அது போதும்.

காதைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். செம்பனை ஆலையிலோ, முதுகில் மாட்டிய புல்வெட்டும் இயந்திரத்தோடோ வேலை செய்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். இயந்திர இரைச்சல் முதலில் அரிப்பது 4,000 ஹெர்ட்ஸைச் சுற்றிய கேள்திறனை. வேலை முடிந்து வந்த மாலையில் காது தற்காலிகமாக மந்தமாக இருக்கும். அப்போது கேட்டால் பிரைட்டான, அதாவது மேல்பகுதி தூக்கலான, ஹெட்ஃபோன்கூட இதமாகத் தெரியும். ஓய்வு நாளில் ஒப்பிடுங்கள். உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்த நாளிலும் அப்படித்தான். வேலையில் காதடைப்பான் போடுங்கள், இது ஹெட்ஃபோனைவிட முக்கியம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பு அளவு, 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் கூடக்கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும்.

பேர்பெற்றவை எப்படி ஒலிக்கும்

இது முழுப் பட்டியல் இல்லை. ஒப்பிடும்போது ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சென்ஹைசர் எச்டி 800 2009-இல் வந்தது. அகலமான மேடைக்குப் பேர்போனது. 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்முனை இருந்தது. 2016-இல் வந்த எச்டி 800 எஸ்-இல் அதிர்வை உறிஞ்சும் அமைப்பு வைத்து அதை மட்டுப்படுத்தினார்கள். கச்சேரியில் மிருதங்கம் எங்கே, வயலின் எங்கே என்று விரல் நீட்டிக் காட்டலாம். பேஸ் கனம் குறைவு. உறுமிக்கு இது ஆகாது என்பது என் தீர்மானமான கருத்து.

ஆடிஸி எல்சிடி-எக்ஸ் அமெரிக்காவில் இருந்து வருவது, பிளேனர் மேக்னடிக் வகை. மெல்லிய படலம் முழுவதும் காந்தங்களுக்கு நடுவே அசையும். பேஸ் அடிவரை நேராக இறங்கும், தடிப்பும் அதிர்வும் இரண்டும் உண்டு. எடை 600 கிராமுக்கு மேல். அதை எடுத்து ஒரு முழு இசைத்தட்டு நேரம் கழுத்தில் சுமந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்.

பிரெஞ்சுக்காரர்களின் ஃபோக்கல் நிறுவனம் 2016-இல் யுடோபியாவையும் அடுத்த ஆண்டு கிளியரையும் கொண்டுவந்தது. மேளத்தின் அடி விழும் வேகத்தை, அந்தத் 'தட்' என்ற உதையை, இவை காட்டுவதுபோல் காட்டுபவை குறைவு. தவில் பிரியர்கள் கட்டாயம் கேட்க வேண்டியவை. மேடை மட்டும் நெருக்கமானது.

பையர்டைனமிக் டிடி 1990 ப்ரோ 8,000 பக்கத்தில் தூக்கலானது. மேலே சொன்ன ட்ரெபிள் பயிற்சியைச் செய்தவர் இதைப் போட்ட உடனே அடையாளம் கண்டுகொள்வார். இதனோடு இரண்டு வகைக் காதுமெத்தைகள் வரும். அவற்றை மாற்றிக் கேட்டாலே மெத்தை ஒலிக்குணத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பது விளங்கும். நியூயார்க்கின் புரூக்ளினில் தயாராகும் கிராடோ ஹெட்ஃபோன்கள் வேறொரு வகை பிரைட்; அவற்றின் தூக்கல் இன்னும் கீழே, குரலின் மேல்பகுதியில் இருக்கும், அடி பேஸ் சரியும். ருமேனியாவின் மெஸே எம்பிரியன் இதற்கு நேர் எதிர். தடிப்பானது, இதமானது, நீண்ட நேரம் கேட்கலாம்.

ஹைஃபைமேன் சுஸ்வாராவைச் சிலர் உச்சம் என்பார்கள். அதன் உணர்திறன் 83 டெசிபெல்தான், அதாவது போதுமான சத்தம் வர நிறைய மின்சக்தி கேட்கும். அதை ஓட்டக்கூடிய ஆம்புக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஜப்பானின் ஸ்டாக்ஸ் 1960-இலிருந்து எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோன்கள் (மின்னேற்றத்தால் மெல்லிய படலத்தை அசைப்பவை) செய்கிறது. அவற்றின் இன்றைய மாடல்களுக்கு அந்தப் படலத்துக்கு 580 வோல்ட் மின்னழுத்தம் (பயாஸ்) தரும் தனிக் கருவி வேண்டும். கேட்க வாய்ப்புக் கிடைத்தால் கேளுங்கள், தம்புராவின் நரம்பதிர்வு காற்றில் கரைவது அதில் தெரியும். ஆனால் முதல் உயர்ரக ஹெட்ஃபோனாக அது வேண்டாம்.

விலை கூடினால் ஒலிக்குணம் சீராகும் என்பதும் கிடையாது. 2017-இல் 283 ஹெட்ஃபோன்களை அளந்து வெளியான ஓர் ஆய்வில் விலைக்கும் அதிர்வெண் சமநிலைக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை.

வரைபடங்களை எவ்வளவு நம்பலாம்

ஹெட்ஃபோன்களை அளந்த வரைபடங்கள் இணையத்தில் ஏராளம். ஸ்குவிக் லிங்க் போன்ற தளங்களில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம். ஒரே கருவியில் அளந்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். கருவி மாறினால் கோடும் மாறும். 8,000-க்கு மேலுள்ள மேடுபள்ளங்களுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம், ஒவ்வொருவர் காதமைப்பிலும் அது வேறாக இருக்கும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் 2013-இலிருந்து வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து உருவான ஹார்மன் இலக்குக் கோடு ஒரு நல்ல மையப்புள்ளி. எது எந்த ஹெட்ஃபோன் என்று தெரியாமல் கேட்ட ஒப்பீடுகளில் பெரும்பாலோர் அதற்குப் பக்கத்தில் இருப்பதையே விரும்பினார்கள். அதைவிட பேஸ் கூடுதலாகக் கேட்டவர்களும் இருந்தார்கள், குறைவாகக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஈக்குவலைசர் பயிற்சியில் நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தீர்களோ அதை இந்தக் கோட்டோடு ஒப்பிட்டால், எந்த மாடல்களைக் கேட்கப் போக வேண்டும் என்பது பாதி முடிவாகிவிடும்.

கேட்கப் போகும் நாள்

வார நாளாகப் பாருங்கள். சனி ஞாயிறுகளில் கடையில் கூட்டமும் பேச்சும் இருக்கும், திறந்த வகை ஹெட்ஃபோனில் ஒன்றும் தெரியாது. போவதற்கு முன் கடைக்குத் தொலைபேசியில் பேசி, நீங்கள் கேட்க விரும்பும் மாடல் கேட்டுப் பார்க்க இருக்கிறதா, எந்த ஆம்போடு இருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் என்ற மின்சார ரயில் நிற்கிறது. கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி மோனோரயில் பிடித்தால் புக்கிட் பிந்தாங் போய்விடலாம். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசா அங்கேதான். ஹெட்ஃபோனுக்கென்றே உள்ள கடைகள் நகரின் வேறு பகுதிகளிலும் இருக்கின்றன, வரைபடத்தில் தேடி ஒன்றிரண்டை மட்டும் திட்டமிடுங்கள்.

உங்கள் அளவுகோல் ஹெட்ஃபோனையும் டாங்கிளையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். இதை யாரும் செய்வதில்லை, செய்தால் பாதி குழப்பம் தீரும். முதலில் உங்களுடையதில் ஒரு பாட்டு, பிறகு புதியதில் அதே பாட்டு, மறுபடி உங்களுடையதில். காது எதற்கும் சில நிமிடங்களில் பழகிவிடும். பழகியபின் திரும்பி வரும்போதுதான் புதியது என்ன செய்தது என்பது பளிச்சென்று தெரியும். ஒரே நாளில் மூன்று மாடலுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நடுவே வெளியே போய் ஒரு தே தாரிக் (ஆற்றிய பால்தேநீர்) குடித்துவிட்டு வாருங்கள், காதும் ஆறும்.

கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடே கேளுங்கள். கண்ணாடிக் கம்பி மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விட்டால், பிளேனரிலும் மூடிய வகையிலும் பேஸ் கசிந்துவிடும். தாடியும் காதை மூடும் தலைமுடியும் அப்படித்தான். இன்னொன்று, கடையில் குளிர்சாதனம் ஓடும். உங்கள் அறையில் ஓடாது. தோல் மெத்தை கடையில் சுகமாக இருக்கும், வீட்டில் அரை மணி நேரத்தில் வேர்த்து ஒழுகும். நம் வெயிலுக்குத் துணி அல்லது வெல்வெட் மெத்தைதான் தோது. ஆனால் தோலை எடுத்துத் துணி போட்டால் பேஸ் பெரும்பாலும் குறையும் என்பதால், எந்த மெத்தையோடு வாங்கப் போகிறீர்களோ அதோடுதான் கேட்க வேண்டும்.

கேட்டதை அங்கேயே எழுதுங்கள், உங்கள் சொந்தச் சொற்களில். 'குரல் முன்னே வருகிறது', 'தவில் அடி விழுந்து நிற்கிறது', 'உறுமி பாதியில் காணாமல் போகிறது' என்று எழுதினால் போதும். விற்பனையாளர் வர்ணிக்கத் தொடங்குவதற்கு முன் எழுதிவிடுங்கள். அன்றே வாங்காமல் ஊர் திரும்பி, வீட்டு ஈக்குவலைசரில் அந்த ஹெட்ஃபோனின் குணத்தை ஓரளவு உருவாக்கி ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். அலுக்கவில்லை என்றால் வாங்கலாம். ஊரில் இதே ஆர்வமுள்ள கூட்டாளிகள் இருந்தால், ஆளுக்கு ஒரே மாடல் வாங்காமல் வேறு வேறு குணமுள்ளவற்றை வாங்கி மாற்றி மாற்றிக் கேட்பது நல்ல ஏற்பாடு.

பழையது வாங்கினால்

செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைக்கும், ஆனால் நேரில் சோதியுங்கள். மோனோ ஒலி (இரு பக்கமும் ஒரே ஒலி வருவது) ஒன்றைப் போட்டால் குரல் சரியாக நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு டிரைவரிலோ (ஒலியை எழுப்பும் பாகம்) மெத்தையிலோ கோளாறு. 20-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஓடவிடுங்கள். நடுவில் கரகரப்பு வந்தால் டிரைவர்மேல் முடி விழுந்திருக்கலாம், அல்லது அது பழுதாகியிருக்கலாம். ஒயர் சொருகும் இடத்தை லேசாக அசைத்துப் பாருங்கள், சத்தம் விட்டு விட்டு வரக் கூடாது. மெத்தை தட்டையாகிப் போயிருந்தால் டிரைவர் காதுக்கு நெருங்கி, ஒலிக்குணமே மாறியிருக்கும். புது மெத்தை விலையைக் கேட்டு அதைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

வாங்கியபின் நம் ஈரக்காற்றுதான் எதிரி. செயற்கைத் தோல் மெத்தை இங்கே சீக்கிரம் உரியும், ஸ்பாஞ்ச் பொடியும், இணைப்புகளில் பச்சை படியும். கேட்டு முடித்ததும் மெத்தையில் உள்ள வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் வாங்கினால், எப்போது மாற்ற வேண்டும் என்று பார்த்தவுடனே தெரியும்.